பாடைக்குப் போன கழிகள்

"அந்தக் கழியெல்லாம் பிடுங்காதீங்கண்ணே," என்றாள் புஷ்பவல்லி.

பக்கத்து வீட்டுச் சின்னையா அதற்குள் இரண்டையும் பிடுங்கித் தோளில் வைத்துவிட்டார். பாடைக்கு மூங்கில் வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் டவுனில் காலை வேளையில் மூங்கிலுக்கு எங்கே அலைவது? புல்தோட்டத்தில் ஆளுயரக் கழிகள் வாகாக நின்றன.

"பாவம், என்ன பேசுறோம்னே தெரியல. உள்ள கூட்டிட்டுப் போங்கம்மா," என்றார் சுற்றி நின்ற பெண்களிடம்.

அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. செத்துப்போன அவள் புருஷன் நாகையா, தண்டவாளத்து ஓரம் மாட்டுக்கென்று ஐந்து பாத்தி கினிப்புல் வளர்த்தவர். சாணியைக் கரைத்து முறை வைத்து ஊற்றுவார். ஊற்றிய பாத்தியில் கழி நடுவார். கழி நிற்கும் வரை அரிவாள் அங்கே போகக் கூடாது; அறுத்தால் சாணி வாடைக்கு மாடு முகர்ந்துவிட்டுப் பட்டினி கிடக்கும். பால் அவள் பாடு, புல் அவர் பாடு. பதினாறு வருஷத்தில் எந்தப் பாத்தி எந்த முறை என்று அவள் கேட்டதேயில்லை. கழி இருக்கும்போது எதற்குக் கேட்பது?

சுடுகாட்டிலிருந்து திரும்பிய சின்னையா வாசலிலேயே நின்றார்.

"பிள்ளைகுட்டியும் இல்ல. ஒத்தையில மூணு மாட்ட எப்படி வச்சிக்குவ தங்கச்சி? கிள்ளான்ல ஒருத்தர் கேக்குறாரு. நாளைக்குக் கூட்டிட்டு வரேனே."

"சாயங்காலம் மாடு தின்னட்டும்ண்ணே. அப்புறம் சொல்றேன்."

எல்லோரும் போய்விட்டார்கள். மழை சாணித் தடத்தைக் கழுவியிருந்தது; ஐந்து பாத்தியும் ஒரே உயரத்தில் நின்றன. கழி நின்ற குழிகளைக் கூட்டம் மிதித்து மூடியிருந்தது. பச்சையாகத் தெரிந்த பாத்தியில் ஒரு கட்டு அறுத்துப் போட்டாள். மூன்று மாடும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. பிணத்தின் முன்னால் வராத அழுகை அப்போது வந்தது. தின்னாத புல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அழுதாள்.

பிறகு எழுந்து சிவப்பியை அவிழ்த்துத் தோட்டத்துக்குள் ஓட்டினாள். குளம்பு பட்டால் வேர் கெடும் என்று அவர் ஒரு நாளும் விட்டதில்லை. அவள் அறுத்த முதல் பாத்தியைச் சிவப்பி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டாவதை முகர்ந்து சீறியது. மூன்றாவதில் தலையைக் கவிழ்த்துப் பறிக்கத் தொடங்கியது. மற்ற இரண்டிலும் அப்படியே வாய் வைத்தது.

புஷ்பவல்லி வீட்டுக்குள் போய், கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அவர் குடையை எடுத்து வந்து முதல் பாத்தியில் ஊன்றினாள். இரண்டாவதற்கு வேறொன்றும் அகப்படவில்லை. அடுப்படி ஊதுகுழலைக் கொண்டுவந்து நட்டாள்.

சிவப்பி மென்றுகொண்டிருந்தது.