முப்பத்தொரு பக்கம்

திறக்காத கணினிகளைத் திறந்து வைப்பதுதான் சின்னவளுக்கு வேலை. அதுவும் சாதாரணக் கணினி இல்லை, கணினிக்குள் இருக்கும் இன்னொரு கணினி. ஒரு பெட்டிக்குள் இல்லாத பெட்டியொன்றை இருப்பதுபோல் பாவிக்க வைத்து, வெளியே எங்கும் ஓடாத பழைய மென்பொருளை அதற்குள் ஓட்டுவார்கள். ஏட்டில் அதற்கு மெய்நிகர் கணினி என்று பெயர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அது 'விஎம்'.

அது எழுந்திருக்க மறுத்தால் சின்னவளைக் கூப்பிடுவார்கள். விண்டோஸ் வைத்திருப்பவர் பதறிக்கொண்டு வருவார். மேக் வைத்திருப்பவர் கோபித்துக்கொண்டு வருவார். லினக்ஸ்காரர் பாதி வைத்தியத்தைத் தானே பார்த்துக் கெடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் வந்து நிற்பார். மூன்று பேருக்கும் பொறுமையாக வழி சொல்லுவாள். பத்து வருஷத்தில் அவள் கை வைத்து எழாத விஎம் ஒன்றோ இரண்டோதான்.

அவளுடைய அக்கா நீச்சல் பயிற்சியாளராக இருந்தவள். குளத்தின் இந்தக் கரையில் நின்று கத்தினால் அந்தக் கரையில் சோம்பேறித்தனமாக மிதக்கிறவன் விழுந்தடித்துக்கொண்டு கை வீசுவான். ஊதலே தேவையில்லாத தொண்டை. நாற்பத்தொன்றாவது வயதில் அவளுக்கு நரம்பு நோய் வந்தது. முதலில் விரல்கள் நழுவின, பிறகு கால், அதன்பின் நாக்கு. மூன்று வருஷத்தில் கண்ணும் வலதுகைக் கட்டைவிரலும்தான் அவள் சொன்னபடி கேட்டன.

அந்தக் கட்டைவிரலுக்காகச் சின்னவள் ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்தாள். திரையில் எழுத்துகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின்மேலும் வெளிச்சம் நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்துக்கு வரும்போது விரலடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் அது பதியும். எழுதி முடித்ததைக் குரலாகவும் சொல்லும். அதைச் செய்த நிறுவனம் எப்போதோ மூடிப்போயிருந்தது. புதிய கணினி எதிலும் அது ஓடவில்லை. ஆகவே வீட்டுக் கணினியில் ஒரு விஎம் அமைத்து, பழைய விண்டோஸை உள்ளே வைத்து, அதில் ஏற்றிக் கொடுத்தாள். குரல் செய்தி வாசிக்கிற ஆண்பிள்ளைக் குரல். வேறு குரல் அதில் இல்லை.

அக்கா முதன்முதலில் எழுதிய வாக்கியத்தை அந்தக் குரல் கம்பீரமாகப் படித்தது: "இந்தக் குரலோட என்னைக் கட்டிக்கிட்டு குப்பை கொட்டுவீங்களா?"

அத்தான் சிரித்துச் சிரித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் இரண்டு வருஷம் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சின்னவள் மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பாள். வேலை தலைக்குமேல் இருக்கிறது என்று சொல்லி ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட்டத்துக்குப் போகிற நேரத்தில் அத்தான் போன் செய்தார்.

"சின்னவளே, அக்காவோட பெட்டி எழுந்திருக்க மாட்டேங்குதும்மா. ஏதோ நீட்டி முழக்குது."

"என்ன சொல்லுதுன்னு அப்படியே படிங்க அத்தான்."

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் எழுத்துக்கூட்டி நிதானமாகப் படிப்பார். அவர் படித்து முடிக்கும் முன்பே சின்னவளுக்கு விளங்கிவிட்டது.

"நேத்து பெட்டியில ஏதாவது கை வெச்சீங்களா?"

"கடிகாரம் தப்பா காட்டுதுன்னு உள்ள இருந்த சின்ன பேட்டரியை மாத்தினோம்."

"அதான். பேட்டரி போனதும் பெட்டி பழசை எல்லாம் மறந்துடுச்சு. விஎம்முக்கு அனுமதி குடுக்கிற சுவிட்ச் ஒண்ணு அணைஞ்சு போயிருக்கும்."

பெட்டியை அணைத்துப் போடச் சொல்லி, எந்த விசையை அமுக்க வேண்டும், எந்த வரியில் போய் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அத்தானும் செய்தார். இப்போது வேறு பிழை வந்தது. போன தடவை தூங்க வைத்த நிலையிலிருந்து எழுப்ப முடியவில்லை என்றது.

கூட்ட அறையின் கதவு வழியாக மேலாளர் கையைக் காட்டி அழைத்தார். உள்ளே எட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

இதற்கு இரண்டு வழி உண்டு. தூக்க நிலையை மட்டும் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது ஒன்று. அதில் எதுவும் போகாது. மற்றது, முன்பொரு நாள் எடுத்து வைத்த ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்புவது. ஸ்நாப்ஷாட் என்பது அந்த நாளில் விஎம் இருந்த இருப்பின் நகல். அதற்குத் திரும்பினால் விஎம் எழுந்துவிடும், ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நடந்தது ஒன்றும் அதில் இருக்காது. அமைத்துக் கொடுத்த அன்றே சின்னவள் அப்படி ஒன்றை எடுத்து வைத்திருந்தாள்.

முதல் வழி தூக்கநிலைக் கோப்பின் சிக்கலில் இன்னும் இழுத்தடிக்கலாம். இரண்டாவது நிச்சயம்.

"அத்தான், மேல ஸ்நாப்ஷாட்னு இருக்கா? அதுல ஒண்ணே ஒண்ணு இருக்கும். அதைத் தொட்டு, ரீஸ்டோர் குடுங்க."

"குடுத்தேன். இப்ப இருக்கிற நிலையை ஒரு நகல் எடுத்து வெச்சுக்கவான்னு கேக்குதும்மா. டிக் போட்டிருக்கு."

"வேண்டாம், டிக்கை எடுத்துடுங்க. அது ரொம்ப நேரம் இழுக்கும். உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் சாஃப்ட்வேர்தான்."

"எடுத்தாச்சு... ஆ, வந்துடுச்சு! வந்துடுச்சு சின்னவளே! நல்லா இரு தாயே!"

அவள் போனை வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள். மொத்தம் பதினேழு நிமிஷம். மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் அத்தான் திரும்பக் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"பெட்டி ஓடுதும்மா. ஆனா உன் அக்கா அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்றா."

"என்ன சொல்றா?"

அவர் போனைக் கணினிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். செய்தி வாசிக்கிற குரல் கேட்டது. "எங்கே." கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "எங்கே."

அந்த விஎம்முக்குள் ஏதோ இருந்திருக்கிறது என்று சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் கண்கள் திரையிலேயே இருந்தன. அன்று மதியம் முழுக்க எழுதியது திரையில் நின்றது: 'வாலுவுக்கு எழுதினது. முப்பத்தொரு பக்கம்.'

வாலு அக்காவின் ஒரே மகள். பதினைந்து வயது. அந்த நேரத்தில் பள்ளியில் இருந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் அத்தான். "சத்தத்தை அணைச்சிட்டு மணிக்கணக்கா எழுதுவா. என்னன்னு கேட்டா 'வேலை'ம்பா. சரி, பொழுது போகுதேன்னு விட்டுட்டேன்."

ஒரு வரி எழுத அக்காவுக்கு அரை மணி நேரம் ஆகும். முப்பத்தொரு பக்கம் என்றால் ஒரு வருஷத்துக்கும் மேல். அதைச் சின்னவள் பதினேழு நிமிஷத்தில் வழித்தெடுத்துக் கொட்டியிருந்தாள்.

அழித்த கோப்பை மீட்க வழியுண்டா என்று முதலில் அதே கணினியில் பார்த்தாள். கிடைக்கவில்லை. கோப்புகள் சேமித்திருக்கும் வட்டைக் கழற்றித் தன் லினக்ஸ் மடிக்கணினியில் மாட்டித் தேடினாள். கிடைத்ததெல்லாம் வெறும் சுழியம். அந்த மாதிரி வட்டு, அழித்த இடத்தை உடனே துடைத்துவிடும். அவளுக்கு அது தெரியாததல்ல. தெரிந்தும் தேடினாள்.

அப்போதுதான் அத்தானுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன வருஷம் பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுத்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று விஎம் கோப்பு முழுவதையும் வாலுவின் மேக்கில் நகலெடுத்து வைத்திருந்தார்.

போன உயிர் திரும்பி வந்தது சின்னவளுக்கு. மேக்கைத் திறந்து பார்த்தாள். நகல் இருந்தது. ஆனால் தொடங்கவில்லை. விஎம் ஒரு வகைச் சிப்புக்காகச் செய்தது, வாலுவின் மேக்கில் இருந்தது வேறு வகை. நகலைத் தன் லினக்ஸுக்கு மாற்றினாள். அங்கே விஎம்மை ஓட்டும் நிரலையே காணோம் என்றது. போன வாரம்தான் லினக்ஸின் உள்கருவைப் புதுப்பித்திருந்தாள், நிரல் அதோடு ஒட்டவில்லை. நிரலை அதற்கேற்ப மறுபடி கட்டினாள். மின்கையெழுத்து இல்லாத நிரலை ஏற்க மாட்டேன் என்றது கணினி. கையெழுத்திட்டு, அணைத்துப் போட்டு, கடவுச்சொல் கொடுத்து ஏற்க வைத்தாள். ஊருக்கெல்லாம் நூறு தடவை செய்து கொடுத்த வேலை. இன்று ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சரிபார்த்தாள்.

விஎம் எழுந்தது. உள்ளே ஒரு கோப்பு. அதில் இரண்டே வரி.

'வாலு, இது உனக்கு. இப்பவே படிக்காதே, நான் இன்னும் இருக்கேன்.'

அக்கா எழுதத் தொடங்கிய முதல் நாளில் எடுத்த நகல் அது.

சின்னவள் கட்டிலருகே மண்டியிட்டாள். "நான்தான்க்கா. நான்தான் டிக்கை எடுக்கச் சொன்னேன். அவசரம்க்கா. உள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல."

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். பொத்தானிலிருந்து கட்டைவிரல் மெல்ல விலகியது.

நான்கு நாள் அக்கா ஒரு எழுத்தும் எழுதவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் இமைப்பாள், அவ்வளவுதான். சின்னவள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அங்கேயே கிடந்தாள். அத்தான் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஐந்தாம் நாள் விரல் பொத்தானைத் தேடியது. ஆனால் அழுத்த வலு போதவில்லை. வெளிச்சம் எழுத்தைத் தாண்டிப் போன பிறகுதான் விரல் அமுங்கியது. தப்புத் தப்பாக நாலு எழுத்து விழுந்தது. நோய் அந்த நான்கு நாளும் சும்மா இருக்கவில்லை.

சின்னவள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் எழுத்தைச் சொல்லிக்கிட்டே வரேன். வேணுங்கிற இடத்துல இமை. க... ச... ட..."

'த'வில் இமைத்தாள். அப்படி அன்று காலை முழுவதும் ஒரு வாக்கியம் வந்தது: 'திருப்பிச் சொல்றேன். குறுக்கே பேசாதே.'

சின்னவள் அழுதுகொண்டே சிரித்தாள். குளத்தங்கரையில் நின்று கத்துகிற அக்கா அந்த வாக்கியத்துக்குள் இருந்தாள்.

ஏழு வாரம் அப்படி நடந்தது. வாலு பள்ளிக்குப் போனதும் இருவரும் தொடங்குவார்கள். முன்பு எழுதியதில் எத்தனையோ அக்காவுக்கே நினைவில்லை. சில இடத்தில் நிறுத்தி, 'அங்கே நல்லா வந்திருந்தது' என்று மட்டும் சொல்லுவாள். சின்னவள் அதை நோட்டில் எழுதாமல் கேட்டுக்கொள்வாள். ஒன்பதாம் பக்கத்தில் பாதி வந்திருந்த ஒரு வியாழக்கிழமை அக்காவுக்கு மூச்சு திணறியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை காலை போய்விட்டாள்.

சின்னவள் வேலைக்குத் திரும்பினாள். இப்போதும் விஎம் எழவில்லை என்று வருகிறவர்களிடம், "உள்ள என்ன வெச்சிருக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்பாள். அவசரமாக வந்தவர்கள் எரிச்சல்படுவார்கள். படட்டும் என்று விட்டுவிடுவாள்.

மூன்று மாதம் கழித்து, அத்தான் சொன்னதன்பேரில், நோட்டை வாலுவிடம் கொடுத்தாள். வாலு சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தாள். எட்டரைப் பக்கம்தான். வெகுநேரம் படித்தாள்.

"சித்தி, இது நடுவுல நிக்குது."

"ஆமா."

"இன்னும் எழுதியிருந்தாளா?"

அத்தான் வாசலறையிலிருந்து பார்த்தார். சொல்ல வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார். சின்னவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"எழுதியிருந்தா. முப்பத்தொரு பக்கம். இதுக்கு முன்னாடியே, கம்ப்யூட்டர்ல. என்னாலதான் போச்சு." டிக்கையும் கூட்டத்தையும் பதினேழு நிமிஷத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

வாலு நோட்டை மூடினாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அம்மா மன்னிச்சிட்டாளா?"

"அப்படி ஒண்ணும் சொல்லல. திருப்பிச் சொல்றேன்னுதான் சொன்னா."

வாலு நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அறைக் கதவுவரை போய், திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.

"எனக்குக் கொஞ்ச நாள் ஆகும் சித்தி."

"ஆகட்டும்டா."

கதவு சாத்திக்கொண்டது. அத்தான் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போ," என்றார்.

சின்னவள் கை கழுவ எழுந்தாள்.