தண்ணீருக்குப் பிடித்த இடம்

“இந்த நீலம் என்னது, வானமா? வானத்தைக் கீழ வெச்சிருக்கே.”

“வானம் இல்ல சார். குளம்.”

“குளமா? எந்த இடத்துல வருது?”

படத்தை வரைந்த சிறுமி கைநீட்டிக் காட்டினாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தத் திசையைப் பார்த்தார். மதிலோரமாக, மோட்டார் அறையை ஒட்டி ஒரு தகரக்கூரை வீடு. தோட்டக்காரரின் வீடு. கொடியில் அவளுடைய பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது.

கட்டடத்துக்குப் பின்னால் கிடந்த வெற்றிடத்தை என்ன செய்யலாம் என்று பிள்ளைகளையே கேட்போம் என்றது சங்கம். அதற்காகத்தான் ஓவிய டீச்சரை வரவழைத்திருந்தார்கள். முதலில் கண்ணில் படுவதை மட்டும் வரைய வேண்டும். நிழல் எங்கே விழுகிறது, எறும்பு எந்த வழியாகப் போகிறது, மழைத்தண்ணீர் எங்கே போய் நிற்கிறது. பிறகு அதன்மேல் ஒரு டிரேசிங் தாளை விரித்து, ஆசைப்படுவதை வரையலாம். மற்ற பிள்ளைகள் முதல் வேலையை ஒப்பேற்றிவிட்டு ஆசைக்குத் தாவிவிட்டார்கள். தோட்டக்காரரின் மகள் மட்டும் ஒரு வாரம் மண்ணில் மண்டிபோட்டுக் கிடந்தாள். அவளை ‘மோட்டார்’ என்று கூப்பிடும் பிள்ளைகள்கூட, “ஏ மோட்டார், எனக்கு ஒரு ஊஞ்சல் போடு”, “எனக்கு சைக்கிள் ஓட்ட ரோடு” என்று அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் வரைந்து கொடுத்தாள். கடைசியாகத் தனக்கென்று ஒரு குளம்.

“ஏம்மா அங்க வரைஞ்சே?” என்றாள் டீச்சர், மெதுவாக.

“அதான் டீச்சர் இருக்கறதுலயே பள்ளமான இடம். மழை பெஞ்சா எல்லாத் தண்ணியும் அங்கதான் வரும். கட்டில் காலெல்லாம் முங்கிடும். தண்ணிக்கு அந்த இடம் புடிச்சிருக்கு.”

செயலாளர் சிரித்தார். நல்ல சிரிப்பு, வயிறு குலுங்க.

“கேட்டீங்களா? நாங்க சொன்னா, இல்லாதவனை வெரட்டறாங்கன்னு பேசுவீங்க. இப்ப அந்த வீட்டுப் பொண்ணே சொல்லுது.”

“சார், குழந்தை தெரியாம…”

“தெரியாமயா? ஒரு வாரம் பாக்கச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானேம்மா.”

டீச்சர் குனிந்து, சிதறிக் கிடந்த பென்சில்களைப் பொறுக்கத் தொடங்கினாள். செயலாளர், செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் பக்கம் திரும்பினார்.

“என்னப்பா, இங்க வா. காலி பண்ணுன்னு எத்தனை தடவை சொல்லியும் உன் மண்டைல ஏறல. உன் மக ஒரே படத்துல சொல்லிட்டா. முதல் பரிசு அவளுக்குத்தான்.”

யாரோ கை தட்டினார்கள். பிள்ளைகளும் தட்டினார்கள். கலர் பென்சில் பெட்டி அவள் மடியில் வந்து விழுந்தது. தோட்டக்காரர் குழாயைப் பிடித்தபடியே நின்றார். செடிக்குப் போக வேண்டிய தண்ணீர் அவர் காலை நனைத்து, மண்ணில் ஒரு விரல் அகலத்துக்கு வழி பிடித்து, மகள் அடித்தாளில் வரைந்திருந்த மழைத்தண்ணீர்க் கோட்டின்படியே வீட்டு வாசலை நோக்கி ஊர்ந்தது.

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் தாளைப் பார்த்தாள். ஆசைப்படுவதை வரையச் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டுக்கு அவள் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

மேல்தாளைத் தூக்கினாள். வீடு இருந்தது. விட்டாள். குளம். ஊஞ்சலுக்கும் சைக்கிள் ரோட்டுக்கும் நடுவில் ஏதாவது வெள்ளை மிச்சமிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். புதுப்பெட்டியிலிருந்து ஒரு பென்சிலை உருவி, ஈரக்காலோடு நின்றவரிடம் நீட்டினாள்.

“அப்பா, நம்ம வீடு எங்கன்னு ஒரு புள்ளி மட்டும் வெய்யிப்பா. மிச்சத்தை நான் வரைஞ்சுக்கறேன்.”