ஒரு சொட்டு இறங்காத கூரை

என் தங்கையின் கணவருக்கு வாய் கொஞ்சம் நீளம். மாப்பிள்ளைக்கு நாற்காலி, கட்டில் விற்கிற கடையில் வேலை. கால் ஆடுகிற நாற்காலியைக்கூட, உட்கார்ந்து ஆடினால் நன்றாகத் தூக்கம் வரும் என்று சொல்லி யார் தலையிலாவது கட்டிவிடுவார். எனக்கு வாய் கிடையாது, கைதான். வண்டிகளுக்கு சீட் தைப்பேன், ஜீப்புகளுக்குத் துணிக்கூரை தைத்து மாட்டுவேன். அதைத்தான் எங்கள் தொழிலில் டாப் என்போம். இருபத்தாறு வருடத்தில் என் வேலையை யாரும் குறை சொன்னதில்லை. எடுத்துக்கொள்ளும் நேரத்தைத்தான் சொல்வார்கள்.

மாப்பிள்ளை ஒரு பழைய ஜீப் வாங்கினார். மேலே டாப் இல்லை. குத்துக்கல் மாதிரி நான் இருக்கும்போது, எங்கிருந்தோ ஒரு ரெடிமேட் டாப்பைப் பார்சலில் வரவழைத்துத் தானே மாட்டிக்கொண்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். நாலு பேர் முன்னால் பதில் சொன்னார்.

"மச்சான் வேலை சுத்தம்தான். ஆனா வண்டி நம்ம பேரன் கைக்குத்தான் திரும்பி வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எட்டு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த எட்டு மாதத்துக்குள்தான் அவர் தொண்டையில் கட்டி வந்தது. முதலில் குரல் கரகரத்தது. பிறகு வெறும் காற்றாக வந்தது. இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில், குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், மூச்சு அதன் வழியாகத்தான். இவர் விஷயத்தில் பேச்சு திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன், புதன்கிழமை காலையிலேயே வந்து சேர்ந்துவிட வேண்டும்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தங்கை ஜீப்பை ஓட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தாள். சாவியைத் தையல் மெஷின் மேல் வைத்தாள்.

"அண்ணா, இந்த டாப் சத்தத்த மட்டும் எப்படியாவது குறைச்சுக் குடு. வீடு நிறைய ஆளுங்க. பாக்க வந்தவங்க அங்கயே படுத்துக்கறாங்க. நானும் அவரும் தனியா இருக்கறதே இந்த வண்டில போறப்பதான். ஆஸ்பத்திரிக்கு மூணு தடவ போனோம், அவர் பேசிட்டே வந்தார். காத்து சத்தத்துல எனக்கு ஒரு வார்த்த கேக்கல. திருப்பிச் சொல்லச் சொன்னா அவருக்குத் தொண்ட வலிக்கும்னு சும்மா தலையாட்டிட்டே வந்தேன். புதன்கிழம போறதுதான் கடைசி. சொல்ல வேண்டியது இருக்கு, வண்டில சொல்றேன்னு சொல்லியிருக்கார்."

அவர் உட்காருகிற சீட்டில் மழைக்கறை இருந்தது. ஒழுகவும் செய்கிறதே என்றேன். ஒழுகினால் ஒழுகட்டும், துண்டு போட்டுக்கொள்கிறேன், சத்தம் மட்டும் போனால் போதும் என்றாள். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி சொல்ல முடியாது.

எட்டு மாதக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன். டாப் எங்கெங்கே வண்டியின் உடம்போடு ஒட்டாமல் நிற்கிறதோ அங்கெல்லாம் டேப் ஒட்டி மெயின் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு டேப்பாக உரித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். எதை உரித்ததும் சத்தம் வருகிறதோ, அதுதான் திருடன். மூன்று திருடர்கள் அகப்பட்டார்கள். முன் கண்ணாடிக்கு மேலே டாப்பின் விளிம்பு அரை விரல் தூக்கிக்கொண்டு நின்றது. கதவு இடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி இழுத்தால், வெண்ணெயில் இழுத்த மாதிரி வந்தது. நடுவில் துணி தொய்ந்து படபடவென்று அடித்துக்கொண்டது. விளிம்புக்கு ஃபோம் கொடுத்தேன். கதவு இடுக்குகளை அடைக்கப் பீடிங் என்கிற தடித்த ரப்பர் பட்டை போட்டேன். துணியை வெயிலில் காய வைத்து, இளகியதும் இழுத்துக் கட்டி, உள்பக்கம் கம்பளித் துணியால் இன்னொரு மடிப்புத் தைத்தேன்.

செவ்வாய் மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. பக்கத்து டயர் கடைக்காரரை மாப்பிள்ளை சீட்டில் உட்கார வைத்து, வேகமாகப் போகும்போது ரகசியக் குரலில் ஏதாவது சொல்லுங்கள் என்றேன். என் வழுக்கையைப் பற்றி ஒன்று சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வண்டியையும் பட்டறைக்குள் திருப்பியதில்லை.

அதோடு சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். என் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் அடித்துப் பார்க்காமல் எந்த டாப்பும் வெளியே போகாது. பைப்பைப் பிடித்துக் கீழிருந்து மேலாக நனைத்தேன். பத்து நிமிடம் கழித்து, அவர் உட்காருகிற பக்கத்து மூலையில் ஒரு சொட்டு விழுந்தது. ஒன்றே ஒன்று.

மனசு கேட்கவில்லை. அந்தச் சொட்டு அவர் தலையில் விழுந்தால், ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரே என்று நினைத்தேன். சொல்லிக் காட்ட அவருக்குக் குரல் இருக்காது என்பது அந்த நேரத்தில் என் மரமண்டைக்கு எட்டவில்லை. ஒட்டியிருந்த முன்விளிம்பைப் பிரித்தேன். தையல் ஓட்டைகளில்தான் தண்ணீர் இறங்கியிருந்தது. ஓட்டைகளை அடைத்துப் புதிதாகப் பசை தடவினேன். அந்தப் பசை இறுக ஒரு முழு நாள் வேண்டும். அதுவரை வண்டியை நகர்த்தக் கூடாது. தெரிந்தேதான் தடவினேன்.

ஆறு மணிக்குத் தங்கை வந்தாள். மூக்கு திறந்து கிடந்த ஜீப்பைப் பார்த்தாள். புதன் சாயங்காலம் ரெடியாகிவிடும், நாளைக்கு ஒரு வாடகைக் கார் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் சத்தமே இருக்காது என்று பெரிய யோசனை மாதிரி சொன்னேன்.

"நான் தண்ணியப் பத்திக் கேக்கவே இல்லையேண்ணா" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வாடகைக் காரில் சத்தம் இல்லைதான். ஆனால் டிரைவர் இருந்தார். முன்பின் தெரியாதவனிடம் கட்டில் விற்கிற மனுஷன், முன்பின் தெரியாதவன் காதுபட மனைவியிடம் பேச முடியாமல் இரண்டு மணி நேரமும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாராம். இவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். ஆஸ்பத்திரியில் ஆறு கட்டில் வார்டு, கூடத் தங்க அனுமதியில்லை. மறுநாள் விடிந்ததும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அவர்களைக் கூட்டிவர நானே ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். வராந்தாவில் தங்கை என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள். என்ன சொல்ல நினைத்தீர்கள், எழுதியாவது காட்டுங்கள் என்று நோட்டை நீட்டினாளாம். அவர் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'அது எழுதுற விஷயம் இல்ல' என்று எழுதினாராம்.

அவர் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தங்கை பின்னால். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கொட்டித் தீர்த்தது. அவர் அண்ணாந்து அந்த மூலையைப் பார்த்தார். விரலால் பீடிங்கைத் தடவினார். பிறகு நோட்டை எடுத்து எழுதி, சிக்னலில் நின்றபோது என் பக்கம் திருப்பினார்.

'ஒரு சொட்டு இல்ல மச்சான். பேரனுக்குக் காட்டணும்.'

சிரித்தார். அவர் சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். இப்போது தோள் மட்டும் குலுங்கியது. நான் அழுதேன். வைப்பரைக் கவனிக்கிற மாதிரி முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு அழுதேன். அவர் என் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

மழை விட்டது. ரோடு காலியாக இருந்தது, வேகமாகப் போனேன். வண்டிக்குள் ஒரு சத்தம் கிடையாது. அவர் கழுத்துத் துளையில் மூச்சு போய் வருவது மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டது. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தேன்.

அப்போது சரக்கென்று ஜிப் இழுபடும் சத்தம். தங்கை டாப்பின் பின்பக்கத்துத் துணி ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தாள். காற்று உள்ளே புகுந்து பழையபடி படபடவென்று அடித்தது. இரைச்சலுக்கு மேலே கத்தி, மூடும்மா, அவருக்கு ஆகாது என்றேன். அவர் கழுத்துத் துணியை இழுத்து மூடிக்கொண்டு, வேண்டாம் என்று எனக்குக் கை காட்டினார். அவள் முன்னால் குனிந்து என் காதில் சொன்னாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்ணா. அவர் பேசிட்டுதான் வர்றார், சத்தத்துல எனக்குத்தான் கேக்கலன்னு நினைச்சுக்கறேன்."

சற்று நேரம் கழித்து, பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியில் பார்த்தேன். அவர் பின்தலையைப் பார்த்தபடி அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.