கண்ணாடிக்கடையில் முதல் கூலி

பொடிசு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கையில் கேமரா வந்த நாளிலிருந்து அவளுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. கூலிக்குத்தான் பஞ்சம். பெரியம்மா மகளுக்குக் குழந்தை பிறந்தால் பொடிசைக் கூப்பிடு, சித்தப்பா புது வண்டி வாங்கினால் பொடிசைக் கூப்பிடு. அத்தை வீட்டுப் பூனை குட்டி போட்டபோதுகூட அவள்தான் கட்டிலுக்கடியில் படுத்துப் படம் எடுத்தாள். எல்லாம் முடிந்ததும் கன்னத்தைக் கிள்ளி, "நம்ம பொண்ணு இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்பார்கள். அதோடு கணக்கு தீர்ந்தது.

"சொந்தக்காரங்களுக்குப் படம் எடுத்து எடுத்தே நான் தேஞ்சு போயிடுவேன்," என்று அண்ணனிடம் புலம்பினாள். அவள் ஆசை ஒன்றே ஒன்றுதான். முன்பின் தெரியாத ஒருவர் அவளுக்கு வேலை கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும். அது நடந்துவிட்டால் அவள் போட்டோகிராபர். நடக்காதவரை கேமரா வைத்திருக்கும் ஒரு பொண்ணு, அவ்வளவுதான்.

கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில், "படம் எடுத்துத் தரப்படும், கூலி பேசிக்கொள்ளலாம்" என்று எழுதி ஒட்டினாள். பல நாள் அதை யாரும் சீண்டவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமைக்கு ஒரு வேலை வந்து மாட்டியது. கூப்பிட்டவர் கண்ணாடிக்கடை நடத்தும் அம்மா. மூக்குக் கண்ணாடி இல்லை, முகம் பார்க்கும் கண்ணாடி. இணையத்தில் கடைக்கு ஒரு பக்கம் திறக்கிறார்களாம், அதில் போடுவதற்கு ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு படம் வேண்டுமாம்.

"திங்கக்கிழமை காலையில படம் கைக்கு வந்தாகணும். இல்லன்னா அடுத்த தெரு ஸ்டூடியோக்காரர் கிட்டயே சொல்லிடுவேன்," என்றார் கடைக்காரம்மா.

"நாளைக்கே வந்துடுறேங்க," என்றாள் பொடிசு. போனை வைத்துவிட்டு அடுக்களை வரைக்கும் ஆடிக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை போய் ஒரே மூச்சில் எடுத்துத் தள்ளினாள். வட்டக் கண்ணாடி, முட்டை வடிவக் கண்ணாடி, ஆளுயரக் கண்ணாடி என்று ஒன்றையும் விடவில்லை. மரச்சட்டத்தின் பூ வேலைப்பாடு பளிச்சென்று விழுகிறதா என்று மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்ததும் முதலில் சிரித்தவன் அண்ணன்தான்.

"பொடிசு, இந்தக் கண்ணாடிக்குள்ள ஒரு குரங்கு இருக்கு பாரு."

பார்த்தாள். ஒற்றைக் கண்ணை இடுக்கி, வாயைக் கோணிக்கொண்டு, கேமராவோடு குனிந்து நின்றது அவளேதான். அடுத்த படத்திலும் அவள், அதற்கடுத்ததிலும் அவள். வட்டத்தில் வட்டமாக, ஆளுயரத்தில் ஆளுயரமாக, கடையில் இருந்த அத்தனை கண்ணாடியிலும் அவள்தான் குடியிருந்தாள். உலகத்தில் எத்தனையோ பொருள் இருக்க, எடுப்பவளையே காட்டிக்கொடுக்கும் பொருளா முதல் வேலையாக வந்து வாய்க்க வேண்டும்!

அண்ணன் சிரித்து ஓய்ந்தபிறகு கொஞ்சம் இரக்கப்பட்டான். "நாளைக்கு நானும் வரேன். பெட்ஷீட் எடுத்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் பார்த்த கடைக்காரம்மாவுக்கு முகம் சுருங்கியது. "மறுபடியுமா?" என்றார். பொடிசு ஏதேதோ வெளிச்சம், கோணம் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அண்ணன் வெள்ளைப் பெட்ஷீட்டைக் கண்ணாடிக்கு எதிரே திரைபோல் தூக்கிப் பிடித்தான். அதில் போட்ட ஓட்டை வழியாகக் கேமராவின் மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது. படத்தில் இப்போது பொடிசு இல்லை. அவள் அப்பாடா என்று மூச்சு விட்டு, கடைக்காரம்மாவிடம் காட்டினாள்.

அவர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்தும் பார்த்தார். "என்னம்மா இது, பரிமாறுற தட்டு மாதிரி இருக்கு? இதுல கண்ணாடி எங்க?"

உண்மைதான். வெறும் வெள்ளையைக் காட்டும் கண்ணாடியை யார் கண்ணாடி என்று சொல்வார்கள்? பொடிசு பெட்ஷீட்டை வாங்கிச் சுருட்டினாள். கடைக்காரம்மாவோ போனில் ஸ்டூடியோக்காரர் நம்பரைத் தேட ஆரம்பித்திருந்தார்.

கண்ணாடிக்குள் ஏதாவது ஒன்று தெரிய வேண்டும், ஆனால் அது அவளாக இருக்கக்கூடாது. பக்கவாட்டில் நகர்ந்து எடுக்கலாம் என்றால் கடைக்குள் நாலு சுவரிலும் கண்ணாடி. எந்த மூலையில் பதுங்கினாலும் ஏதாவது ஒன்று அவளைப் பிடித்து இன்னொன்றிடம் ஒப்படைத்தது. திணறிப்போய் வாசலைப் பார்த்தாள். வெளியே நல்ல வெயில். எதிர்வரிசையில் ஒரு மரம், தையற்கடை ஜன்னலில் சிவப்புத் திரை, மேலே அகலமாக வானம்.

"எல்லாத்தையும் தெருவுக்குக் கொண்டு போலாங்க," என்றாள்.

"என்னது?" கடைக்காரம்மா போனைக் கீழே இறக்கினார். "எங்க வீட்டுக்காரர் காலத்துலேருந்து வித்த கண்ணாடிதான் இந்த வாசலைத் தாண்டியிருக்கு. உடைஞ்சா யாரு பொறுப்பு?"

"நான்தாங்க பொறுப்பு," என்றாள் பொடிசு. குரல் என்னவோ தைரியமாகத்தான் வந்தது. கண்தான் சுவரில் இருந்த கண்ணாடிகளை எண்ணிக் கணக்குப் போட்டது.

அவளை ஏற இறங்கப் பார்த்தவர், என்ன நினைத்தாரோ, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் கண்ணாடியைத் தானே தூக்கினார். கடை ஆட்களும் அண்ணனும் பின்னாலேயே ஆளுக்கொன்றைக் குழந்தையைப் போலத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நடைபாதையில் நாற்காலி போட்டு ஒவ்வொன்றாகச் சாய்த்து வைத்தார்கள். பொடிசு ஒரு ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தாள். அவ்வளவுதான், தெருவே மாறிப்போயிற்று! வட்டக் கண்ணாடிக்குள் ஒரு துண்டு வானம் வந்து உட்கார்ந்தது. முட்டை வடிவத்துக்குள் சிவப்புத் திரை ஆடியது. ஆளுயரக் கண்ணாடிக்குள் முழு மரமும் நிற்க, அதற்கு முன்னால் ஒரு மஞ்சள் பஸ் கடந்து போனது. பொடிசுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடினாள், மண்டியிட்டாள், அண்ணனைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிடா, தடியா" என்று அதட்டினாள். அவனும் மறுபேச்சில்லாமல் பிடித்தான்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று முகம் பார்த்தார்கள். ஒரு பெண் நடுத்தெருவிலேயே பின்னலை அவிழ்த்துப் போட்டு மறுபடி பின்னிக்கொண்டாள். தலையில் நாலு முடி மட்டும் மிஞ்சியிருந்த ஒருவர் அந்த நாலையும் சீவி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார். அவர்களையும் பொடிசு விடவில்லை.

ஒன்றுகூட உடையாமல் எல்லாம் சுவருக்குத் திரும்பியபிறகு, கடைக்காரம்மா படங்களை வரிசையாகப் பார்த்தார். பாதியில் ஆட்களையும் கூப்பிட்டார். "இங்க பாருங்கடா, நம்ம கண்ணாடிதானா இது? எனக்கே ஒண்ணு வாங்கணும்போல இருக்கே!" அவருக்கு வாயெல்லாம் பல். பிறகு இடுப்பிலிருந்து பர்ஸை எடுத்துத் திறந்தபடி, "நான் என்னம்மா தரணும்?" என்று கேட்டார்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் பொடிசு இத்தனை காலம் காத்திருந்தாள். பதிலைக்கூடக் குளியலறையில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் எத்தனை சித்தப்பா, எத்தனை பெரியம்மா பழக்கிவிட்ட வாய் அது! அவளைக் கேட்காமலே, "ஐயோ, இருக்கட்டுங்க, அதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டது.

"அப்படியா? தங்கமான பொண்ணும்மா நீ," என்று கடைக்காரம்மா ஒரு நொடி தாமதிக்காமல் பர்ஸை மூடிவிட்டார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

பர்ஸ் இடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

"வேணுங்க!" என்று பொடிசு கத்தினாள். கடையே திரும்பிப் பார்த்தது. நாலு சுவர்க் கண்ணாடியிலிருந்தும் அவளே அவளைப் பார்த்தாள். "வாய் தவறிச் சொல்லிட்டேங்க. எனக்குக் கூலி வேணும்." அதே வேகத்தில், குளியலறையில் சொல்லிப் பார்த்த தொகையையும் சொல்லிவிட்டாள்.

"அம்மாடி! அவ்வளவா?" கடைக்காரம்மா நெஞ்சில் கை வைத்தார். "கண்ணாடியே அந்த விலை இல்லயேம்மா. படிக்கிற பொண்ணு, கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?"

பொடிசுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குறைக்கச் சொல்கிறார்! இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒருவர்கூடக் குறைக்கச் சொன்னதில்லை, ஓசியில் குறைக்க என்ன இருக்கிறது? இப்போது ஒரு கடைக்காரி, ஊரெல்லாம் பேரம் பேசிப் பழுத்தவர், அவள் வேலைக்கு எதிரே நின்று பேரம் பேசுகிறார். அந்த அம்மாவை அப்படியே கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனால் அதைச் செய்யவில்லை. முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டாள்.

"கட்டுப்படியாகாதுங்க."

"பேச்சைப் பாரு!" கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பர்ஸ் மறுபடி திறந்தது. "சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்," என்று நடுவில் ஒரு தொகை சொன்னார்.

பொடிசு யோசிப்பதுபோலக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கையை நீட்டினாள்.