நலங்குக்கு இடமில்லை

அலமாரியின் மேல்தட்டிலிருந்து கங்கைச் சொம்பை வேம்பு எடுத்தபோது, அதன் பின்னால் இன்னொரு சொம்பும் உட்கார்ந்திருந்தது. எதையும் ரெட்டையாக வைத்துக்கொள்கிற மனுஷர் அவர். பூட்டுக்கு உபரிச் சாவி, அதற்கும் ஒரு உபரி. "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கணுமோல்லியோ?" என்பார். "அப்போ பொண்டாட்டியும் இன்னொண்ணு வச்சுக்கறதுதானே?" என்று மனைவி ஸ்ரீலக்ஷ்மி வாருவாள். இப்போது அவள் கூடத்தில் தெற்கே தலைவைத்துப் படுத்திருந்தாள். சாஸ்திரிகள் சொம்புக்குக் காத்திருந்தார்.

"பாடை கட்டறவா இன்னும் வரலை. சித்த உக்காருங்கோ மாமா," என்றார் அவர்.

உட்காரப்போன வேம்புவை மகள் வைதேகி உள்ளறைக்குக் கூப்பிட்டாள். காலையில்தான் டெல்லியிலிருந்து வந்திருந்தாள். இன்னும் அழவில்லை.

"அப்பா, அம்மா பாடினதைப் போடேன். நலங்குப் பாட்டு. எனக்கு அது ஒண்ணு கேட்டாப் போறும்."

வேம்பு ஈர வேட்டியோடு கம்ப்யூட்டரின் முன்னால் நின்றார்.

போன வருஷம், வைதேகிக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது வாங்கியது அது. ஸ்ரீலக்ஷ்மிக்குத் தெரிந்த கல்யாணப் பாட்டுகள் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. மாமியாரிடம் வாய்வழியாகக் கற்றவை. அதையெல்லாம் பதிந்துவைக்கத்தான் ரிச்சி தெருவுக்குப் போனார். கம்ப்யூட்டர் பெட்டி சேர்த்துத் தருகிற கடைக்கார இனாயத் அவரை உட்காரவைத்துத் தெளிவாகத்தான் கேட்டான்.

"சார், ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே விஷயத்த எழுத வெச்சா, ஒண்ணு பூட்ச்சின்னா இன்னொண்ணு கீது. ஆனா எடம் பாதிதான். தனித்தனியா வெச்சா டபுளா ரொப்பலாம். இன்னா சொல்றீங்க?"

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? ரெண்டுலயும் எழுது," என்றார் வேம்பு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே பெருமை.

ஸ்ரீலக்ஷ்மி வரிசை மாற்றிப் பாடமாட்டாள். விரதம், மாலை மாற்றல், ஊஞ்சல், அப்புறம்தான் நலங்கு. ஊஞ்சல் கடந்து நலங்குக்குத் தாவினால் கல்யாணமே தாறுமாறாகிவிடும் என்பாள். மாதக்கணக்காகப் பதிந்து ஊஞ்சல் முடிந்தபோது இரண்டு டிஸ்க்கும் நிரம்பிவிட்டன. பெரிசாக வாங்குவதற்குள் பக்கவாதம் வந்து அவள் வாயை இழுத்துக்கொண்டது. அப்புறம் மைக்கைப் பார்க்கும்போதெல்லாம் கையை ஆட்டுவாள். எடுத்துவை என்கிறாளா, கொண்டா என்கிறாளா, அவருக்கு விளங்கியதே இல்லை.

"நலங்கு எங்கப்பா?"

அவர் கடைசி ஊஞ்சல் பாட்டைப் போட்டார். ஸ்ரீலக்ஷ்மியின் குரல் அறையை நிறைத்தது. கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று மவுஸ்மேல் கையை வைத்துக்கொண்டார். விரலில் தர்ப்பைப் பவித்ரம் உறுத்தியது. பாட்டு முடிந்தது. அவர் நிறுத்தவில்லை. அதற்குப் பின் இருவரும் பேசியதும் பதிவாகியிருந்தது.

"ஏன்னா, அடுத்தது நலங்கு. ஆரம்பிக்கட்டுமா?" ஸ்ரீலக்ஷ்மி கேட்டாள்.

"இடம் இல்லைடீ. ரொம்பிடுத்து."

"நான் பிசகிப் பாடினதையெல்லாம் அழிச்சுடுங்கோளேன்."

"எதையும் அழிக்கப்படாது. அடுத்த மாசம் பெரிசா வாங்கிடலாம்."

"சரி. நலங்குல வைதேகி பேரை வச்சு ஒரு அடி கட்டியிருக்கேன். அவகிட்ட சொல்லிடாதேங்கோ."

"எங்கிட்டயே நீ சொல்லலையே."

அவள் சிரித்தாள். சிரிப்பின் நடுவிலேயே பதிவு நின்றது.

வைதேகி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன அடிப்பா அது?"

"தெரியாதும்மா," என்றார் வேம்பு. "எங்க போயிடுமோன்னு பயந்துண்டு ரெண்டுலயும் இதையே எழுதி வச்சேன். ஒண்ணைச் சும்மா விட்டிருந்தா நலங்கும் இருந்திருக்கும்."

அவள் அவருடைய ஈர வேட்டியின் நுனியைப் பிடித்து மெல்லப் பிழிந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"மாமா, பாடை கட்டறவா வந்துட்டா. வாங்கோ," என்று வெளியிலிருந்து சாஸ்திரிகள் கூப்பிட்டார்.

வேம்பு போனார். வாசற்படி தாண்டும்போது, மகள் மறுபடியும் போட்ட பதிவில் தன் குரலே பின்னால் கேட்டது: அடுத்த மாசம். பெட்டியின் முகப்பில், டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு பச்சை விளக்குகளும் சேர்ந்தாற்போல மினுக்கிக்கொண்டிருந்தன.