முட்டி ஆழம்

ஆம்பூரில் சம்பந்தம் முதலியாரின் தோல் பதனிடும் டேனரிக்குப் போகிற சந்தில் ஒரு பள்ளம் உண்டு. மழை பெய்தால் நிரம்புகிற பள்ளம் இல்லை. ஊரெல்லாம் வறண்டு வெடித்துக் கிடக்கிற சித்திரையிலும் அது மட்டும் நிரம்பி வழியும். ஒரு பக்கம் முதலியாரின் மதில், மறுபக்கம் இன்னொரு டேனரியின் மதில். நடுவில் சுண்ணாம்புத் தொட்டியில் வடித்தது, பட்டைத் தொட்டியில் வடித்தது, இன்னதென்று தெரியாத நீலச் சாயம், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். தோலிலிருந்து சீவியெறிந்த சவ்வும் ரோமமும் அதன்மேல் ஆடைபோல் படிந்திருக்கும். நாற்றத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. படிக்கிறவர்கள் சோறு தின்ன வேண்டும்.

பள்ளத்துக்கு இந்தப்பக்கம் ஹைவே, பஸ், பள்ளிக்கூடம். அந்தப்பக்கம் டேனரி, அதைத் தாண்டி வேலைக்காரர்கள் குடியிருக்கும் தெரு. வேறு வழி கிடையாது. முதலியாரின் டிரைவர் கோவிந்தசாமியின் வீடு அந்தத் தெருவில்தான். அவன் மகள் சுந்தரி ஐந்தாம் வகுப்பு. காலையில் ஒருமுறையும் சாயங்காலம் ஒருமுறையும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் கண்றாவியில் இறங்கி ஏறுவாள். கணுக்காலிலிருந்து முட்டிவரைக்கும் அவளுக்குப் புண். ஒன்று ஆறினால் பக்கத்தில் இரண்டு கிளம்பும். தாய் கங்கம்மாள் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, தடவும்போதெல்லாம் டேனரி இருக்கிற திசையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றுவாள்.

முதலியாருக்குச் சொந்த ஊர் குடியாத்தம். தலைமுறை தலைமுறையாகத் தறிக்காரர்கள். லுங்கியில் சம்பாதித்தது போதாமல், தோலில் காசு கொட்டுகிறது என்று கேள்விப்பட்டு எழுபத்தெட்டில் ஆம்பூருக்கு வந்து இந்த டேனரியைப் பிடித்தார். காசு கொட்டத்தான் செய்தது. ஆனால் தோலை அவர் கையால் தொட்டதில்லை. ஆபீஸ் அறையில் ஊதுவத்தி புகையும். வீட்டுக்குப் போனதும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பணம் மட்டும் குளிக்காமல் நேராக உள்ளே போகும்.

எண்பத்தோராம் வருடம் பங்குனியில் ஒரு ஜெர்மன்காரர் சரக்குப் பார்க்க வந்தார். கோவிந்தசாமி அம்பாசிடரைப் பள்ளத்தில் இறக்கினான். சரியாக நடுவில் இன்ஜின் நின்றுபோனது. வண்டியின் அடிப்பலகை வழியாகத் தண்ணீர் மெள்ள உள்ளே வந்து வெள்ளைக்காரரின் பளபளப்பான ஷூவைச் சூழ்ந்தது. அதில் ஒரு சவ்வுத் துண்டு மிதந்து வந்து ஷூ நாடாவில் ஒட்டிக்கொண்டது. அவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, இது உங்கள் தொழிற்சாலைத் தண்ணீரா என்று கேட்டார். மழைத் தண்ணீர் என்றார் முதலியார். வெள்ளைக்காரர் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தார். கண்ணைக் கூசுகிற வெயில்.

மானம் போய்விட்டது. அன்று சாயங்காலமே முதலியார் வேலைக்காரர்களைக் கூட்டி வைத்துச் சத்தியம் செய்தார்.

"அந்தாளு மறுபடி வர்றதுக்குள்ள சிமெண்ட் குழா பொதைச்சு, ரோட்ட ஒசத்திக் காட்டறேன். இனிமே ஒருத்தர் காலும் நனையாது."

கோவிந்தசாமி அதைத் தெருவில் போய்ச் சொன்னான். கங்கம்மாள் நம்பவில்லை. சுந்தரி நம்பினாள்.

ஒரு வாரம் போயிற்று. குழாய் வரவில்லை. முதலியார்தான் ஒரு நாள் காலை முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"கோவிந்தசாமி, ரோட்ட எதுக்குய்யா ஒசத்தணும்? வண்டிய ஒசத்திட்டா போச்சு!"

கோவிந்தசாமிக்கு முதலில் புரியவில்லை.

"நாலு சக்கரமும் இழுக்கற வண்டி இருக்குதாமே. மலையில, ஆத்துலயெல்லாம் போவுமாம். நல்லா ஒசரமா, மூடின வண்டியா, பின்னால சாம்பிள் தோலு வைக்க எடத்தோட ஒண்ணு பாரு. சேறுல மாட்டக்கூடாது, தண்ணி உள்ள வரக்கூடாது, நாத்தமும் வரக்கூடாது. உனக்குத்தான் வண்டி தெரியும். நீ எத சொல்றியோ அதத்தான் எடுக்கப்போறேன்."

இப்படித்தான் தேர்வு கோவிந்தசாமியின் தலையில் வந்து விழுந்தது. அவன் முட்டாள் இல்லை. முதலாளி காலும் நனைகிறவரைக்கும்தான் ரோடு உயரும் என்ற நம்பிக்கை மிச்சம் இருக்கும். முதலாளி உயரத்தில் உட்கார்ந்து கால் நனையாமல் போய்விட்டால், அந்தப் பள்ளம் அவருக்குக் கண்ணிலேயே படாது. சுந்தரி கல்யாணமாகிப் போகிறவரைக்கும் அதில்தான் நடப்பாள். ஆகவே மட்டமான வண்டியாகப் பார்த்துத் தலையில் கட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டான்.

சத்துவாச்சாரியில், சென்னை ஹைவேயை ஒட்டி, வாஹித் பாஷா பழைய வண்டி வாங்கி விற்கும் ஷெட் வைத்திருந்தார். மூன்று வண்டி காட்டினார். முதலாவது ராணுவ ஏலத்தில் எடுத்த திறந்த ஜீப். முதலியார் அதைப் பார்த்ததுமே, மேலே கூரை இல்லாவிட்டால் நாற்றம் நேராக மூக்குக்குத்தானே வரும் என்று கையை உதறினார். இரண்டாவது பின்பக்கம் நீண்ட எஸ்டேட் கார். பார்வைக்கு மாப்பிள்ளை மாதிரி, ஆனால் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

மூன்றாவது ஒரு ஸ்டேஷன் வேகன். ஏதோ துரையின் தேயிலைத் தோட்டத்தில் ஓடியதாம். இரும்புப் பெட்டி மாதிரி மூடிய உடம்பு, நான்கு பக்கமும் கண்ணாடி, பின்னால் நாலு மூட்டை போடலாம். கோவிந்தசாமி அதன் அடியில் படுத்துப் பார்த்தான். முன் சக்கரத்துக்கும் தனியாக ராடு போனது, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே ஒரு நாய் குனியாமல் நுழைந்து போகலாம். ஐயோ, என்ன வண்டி! இப்படி ஒரு வண்டியை ஓட்ட வேண்டும் என்றுதானே அவன் டிரைவர் வேலைக்கே வந்தான். அங்கேயே படுத்துக் கிடக்கலாம் போலிருந்தது. மகளின் கால் நினைவுக்கு வந்தது. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான்.

"எஸ்டேட் காரே போதும் மொதலாளி. ஓட்டறதுக்கு சொகுசு. பெட்ரோலும் கம்மி. இது லாரி மாதிரி தூக்கிப் போடும், உங்க இடுப்புக்கு ஆவாது."

"இன்னா தோஸ்த்," என்றார் வாஹித் பாஷா. "தண்ணியில எறக்கறதுக்கு வண்டி கேட்டுட்டு, தரையில தவழறதப் போயி சொல்றியே?"

"தண்ணி அப்படி ஒண்ணும் ஜாஸ்தி இல்ல பாய். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல."

முதலியார் நிமிர்ந்து பார்த்தார். "கணுக்காலுன்னா அம்பாசிடருக்குள்ள எப்பிடிய்யா வந்துச்சு? அளந்துடலாம். அளக்காம ஒரு சிட்டம் நூல்கூட வாங்கினதில்ல எங்க வம்சத்துல."

அத்தோடு விட்டாரா? அன்று சாயங்காலமே சந்து முனையில் காரை நிறுத்தச் சொல்லி, மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு இறங்கி நின்றார். கோவிந்தசாமி அவசரமாகப் பேண்டை மடித்தான். மதில் ஓரம் கொஞ்சம் மேடாக இருக்கும், அங்கே போய் நின்றுகொண்டு ஆழத்தைக் குறைத்துக் காட்டிவிடலாம் என்பது அவன் கணக்கு. அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் விட்டது. பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். முன்னால் சுந்தரி. முதலாளியின் காரையும் அப்பாவையும் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. ரோடு உயர்த்தத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டது பாவம்.

"உன் பொண்ணுதானே? இந்தா பாப்பா, நடுவுல போயி நின்னுட்டு வா."

"மொதலாளி, நான் எறங்கறேன். கொழந்த எதுக்கு?"

"நீ காரோட்டணும்யா. இந்த நாத்தத்த வண்டிக்குள்ள கொண்டாந்து ஏத்துவியா? அது எப்பிடியும் எறங்கித்தானே போவணும்?"

சுந்தரி நடுவில் போய் நின்றாள். திரும்பி வந்தாள். முட்டிச் சில்லுக்கு மேலே ஈரக்கோடு பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே கால் முழுக்கப் பழுப்பும் நீலமும், புண்களின் மேல் ஒட்டிய ரோமமும். முதலியார் காருக்குள் கிடந்த சணல் கயிற்றைக் காட்டி, குதிகாலிலிருந்து ஈரக்கோடு வரைக்கும் பிடித்து முடிச்சுப் போடச் சொன்னார். கோவிந்தசாமி மகளின் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்தான். கயிறு புண்ணில் பட்டபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். முடிச்சைக் கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டால் என்ன என்று அவன் விரல் நினைத்தது. ஆனால் தலைக்குமேல் நின்று பார்ப்பது தறிக்காரர் வீட்டுக் கண். நூலிழை பிசகினால் கண்டுபிடித்துவிடும்.

"கணுக்காலுன்னியே?" என்று சிரித்தார் முதலியார். பிறகு சுந்தரியின் காலை உற்றுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இன்னாய்யா இது, சொறியா? பொம்பளப் புள்ள. சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லக்கூடாது?"

கோவிந்தசாமிக்கு அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. துப்பவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டான், அதுவும் அந்தத் தண்ணீர் மாதிரியே கசந்தது. நாய்ப் பிழைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மறுநாள் சத்துவாச்சாரியில் வாஹித் பாஷா அந்தக் கயிற்றை ஒவ்வொரு வண்டியின் கதவோரமும் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தார். எஸ்டேட் காரில் முடிச்சு சீட்டுக்கே வந்துவிட்டது. ஸ்டேஷன் வேகனில் முடிச்சுக்கு மேலே கதவடிக்கு இன்னும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. வேறு பேச்சு இல்லை. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வழியெல்லாம் முதலியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உன் பொண்ணு கால வெச்சுத்தான் வண்டியே எடுத்தேன், பாத்தியா? ராசியான காலுய்யா!"

கோவிந்தசாமி கியரை மாற்றினான்.

சந்து முனைக்கு வந்தபோது பள்ளிக்கூடம் விட்டிருந்தது. பிள்ளைகள் பள்ளத்தில் பாதி தூரம் போயிருந்தார்கள். கோவிந்தசாமி சின்ன லீவரைத் தள்ளி நான்கு சக்கரத்தையும் இழுக்க வைத்தான். வண்டி தண்ணீரில் இறங்கியது. ஒரு திணறல் இல்லை, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. எருமை குட்டையில் நடப்பதுபோல நிதானமாகப் போயிற்று. ஹாரன் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் மதிலோடு மதிலாக ஒட்டிக்கொண்டார்கள்.

கோவிந்தசாமி வேகத்தைக் குறைத்தான்.

"ஏன் ஸ்லோ பண்ற? அழுத்து! நின்னா புள்ளைங்க வண்டி மேல கைய வெச்சுடும். புது பெயிண்ட்டு."

"கொழந்தைங்க நிக்குது மொதலாளி."

"அதுங்களுக்கு இன்னா, பழகினதுதானே. போய்யா!"

இத்தனை வருடமாய்ப் பழகின கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டது. அதுதான் கேவலம். உயரமான வண்டி, அகலமான சக்கரம். தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பி மதிலில் அறைந்தது. கண்ணாடிக்கு வெளியே, மகளின் முகத்தில் அது மொத்தமாக விழுவதைக் கோவிந்தசாமி பார்த்தான். அவள் வாய் திறந்திருந்தது. அப்பா என்று கூப்பிடத்தான் திறந்திருப்பாள்.

பிரேக்கை மிதித்தான். இன்ஜினை நிறுத்தினான். சாவியை உருவிக்கொண்டு கதவைத் திறந்து குதித்தான். சுந்தரி குனிந்து துப்பிக்கொண்டிருந்தாள். உதட்டில் ரோமம் ஒட்டியிருந்தது. சட்டையைக் கழற்றி அவள் வாயையும் கண்ணையும் துடைத்தான், தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஏய்! எங்கய்யா போற? வண்டிய எடு!"

கோவிந்தசாமி திரும்பினான். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த முகத்தை நேராகப் பார்த்துப் பேசினான்.

"மொதலாளி, எம் பொண்ணுக்கே முட்டி ஆழந்தான். உங்களுக்கு அதுகூட வராது. எறங்கி வாங்க."

சாவியைப் பள்ளத்தில் எறிந்தான். ஒரு சத்தம்கூட இல்லாமல் அது உள்ளே போயிற்று.

முதலியார் இறங்கவில்லை. கதவைத் திறந்து கீழே பார்ப்பதும், மூடிக்கொள்வதுமாக இருந்தார். டேனரியில் மணி அடித்தது. வேலை விட்டவர்கள் கடைவீதிக்குப் போக வரிசையாகத் தண்ணீரில் இறங்கி வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருத்தரும் வையவில்லை, ஒருத்தரும் நிற்கவுமில்லை. கடைசியில் சந்தையிலிருந்து பச்சைத் தோல் ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி வந்து, வழி இல்லாமல் பின்னால் நின்றது. முதலியார் வேகனின் பின்கதவைத் திறந்துகொண்டு, மாட்டுவண்டியின் நுகத்தடியில் காலை வைத்துத் தாண்டி, நேற்று உரித்த தோல்களின் மேல் கைகாலை ஊன்றித் தவழ்ந்து ஏறினார். ரத்தமும் உப்பும் வேட்டியில் ஊறியது. ஈக்கள் எழும்பி மறுபடி அவர்மேலேயே உட்கார்ந்தன. வண்டிக்காரன் மாட்டைப் பின்னுக்குத் தள்ளிக் கரையேற்றுவதற்குள், தோலின் மேலேயே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தார்.

அக்கரையில் கோவிந்தசாமி நின்று முழுசாகப் பார்த்தான். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தான். அதுவும் அருவருப்பாகத்தான் இருந்தது.

"அப்பா," என்றாள் சுந்தரி தோளிலிருந்து. "உனக்கு வேல போய்டுச்சா?"

"போய்டுச்சும்மா."

கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு ரோமத்தை அவள் புறங்கையால் துடைத்தாள்.

"அப்ப நாளையிலருந்து என்ன நீயே தூக்கினு போய் ஸ்கூல்ல உடறியா?"