நர்ஸம்மாவுக்கு மூணு பக்கம்

வயித்தெரிச்சல்னா வயித்தெரிச்சல்தான், அதுக்கு நான் ஏன் வேற பேர் வைக்கணும்? என் வீட்டுக்காரர் மிஷின் ஃபிட்டர். ஃபேக்டரிக்கு இத்தாலியிலிருந்து புது மிஷின் வருது, மாட்டித் தர்ற ஆளும் அங்கிருந்தே வர்றார்னு சொல்லி இவரை இத்தாலியன் கிளாஸுக்கு அனுப்பினாங்க. அங்கே ஜோடி ஜோடியா பிரிச்சு விட்டாங்களாம். இவருக்கு வாய்ச்சது ஒரு நர்ஸம்மா. தினமும் சாயங்காலம் ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணி, உனக்கு என்ன பிடிக்கும்னு இத்தாலியன்ல கேட்டு, பதிலை நோட்டுல எழுதணும். உம்முன்னு பேசினா மார்க் கிடையாதாம், உற்சாகமா பேசணுமாம்.

பேசினார் பாருங்க! பால்கனியில துணிக்கொடிக்கு அடியில நின்னுக்கிட்டு, "மி பியாச்சே மோல்டிஸ்ஸிமோ!" எனக்கு ரொம்ப ரொம்பப் பிடிக்கும்னு அர்த்தமாம். தூண்டில் போடப் பிடிக்குமாம், பழைய ரேடியோவைப் பிரிச்சு மாட்டப் பிடிக்குமாம். பதினாலு வருஷமா என்கிட்ட "ம்", "சரி", "வெச்சுட்டுப் போ", இதைத் தவிர வேற பேச்சு கிடையாது. அந்த மனுஷன் கையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறார். நான் உள்ளே யாரோ ஒருத்தரோட பேன்ட்டைக் குட்டையாக்கிட்டிருந்தேன், ஆல்ட்டரேஷன்தான் என் தொழில். இருந்த கடுப்புல ஒரு காலை ரெண்டு இஞ்ச் கூடுதலா வெட்டித் தொலைச்சேன்.

நேத்து அவர் குளிக்கப் போனதும் நோட்டை எடுத்துட்டேன். இத்தாலியனைத் தமிழ் எழுத்துல கிறுக்கி, பக்கத்துலயே அர்த்தமும் எழுதியிருந்தார். நர்ஸம்மாவுக்கு சைக்கிள்ல மேடு ஏறப் பிடிக்கும். மழை நின்னதும் நடக்கப் பிடிக்கும். தனியா சினிமாவுக்குப் போகப் பிடிக்கும். இப்படியே மூணு பக்கம்.

தலையைத் துவட்டிக்கிட்டே வந்தவர் முன்னாடி நோட்டை விரிச்சேன்.

"எனக்கு என்ன பிடிக்கும்? மூணு பக்கம் வேணாம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அந்த மூணு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். கடைசியில, "டீ" ன்னார்.

"எனக்கு டீயே பிடிக்காது. உங்களுக்குப் போடறப்ப நானும் ஒரு வாய் குடிச்சுக்கறேன், அவ்வளவுதான்."

பதிலுக்குக் கத்துவார், நல்லா நாலு வார்த்தை கேக்கலாம்னு தயாரா நின்னேன். அவர் கத்தலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டுல புதுப் பக்கம் திருப்பி, மேலே 'என் வீட்டுக்காரி' ன்னு எழுதினார். அந்தம்மாகிட்ட கேட்கிற அதே குரல்ல என்கிட்ட கேட்டார்.

"சொல்லு, உனக்கு என்ன பிடிக்கும்?"

வாயைத் திறந்தேன். பெரியவனுக்குப் பிடிச்சது வந்துச்சு. சின்னவளுக்குப் பிடிச்சது வந்துச்சு. இவருக்குப் பிடிச்சதெல்லாம் வரிசையா வந்துச்சு. எனக்குன்னு ஒண்ணும் வரலை. அப்பத்தான் உறைச்சது, அந்த நர்ஸம்மா மேல எனக்கிருந்த எரிச்சல் இந்த மனுஷனுக்காக இல்லை. மழை நின்னதும் நடக்கிறாளே, தனியா சினிமாவுக்குப் போறாளே, அதுக்காக.

அவர் பேனாவைப் பிடிச்சபடி காத்துக்கிட்டிருந்தார். நான் அழுதுட்டேன்.